யாரோ அழித்துவிடுகிறார்கள்

ஜூன் 3, செவ்வாய்

முகைதீன் சொன்னதற்காக இந்த டைரியை எடுத்திருக்கிறேன். "அண்ணாச்சி, சர்வர்ல என்னத்த மாத்தினாலும் தேதி போட்டு எழுதி வையுங்க. இல்லன்னா ஒரு மாசம் கழிச்சு நீங்க செஞ்ச வேலைய நீங்களே கண்டுபிடிக்க மாட்டிய" என்றான். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவன். இப்போது கடையநல்லூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். சோதனை செய்தால் குறிப்பு எழுத வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன்; எழுதாமல் இருக்க முடியாது.

இன்று செய்தது: முகைதீன் கொடுத்த பழைய சர்வர் பெட்டியைப் பின்னறையில் வைத்தாயிற்று. அதை இயக்க டெபியன் லினக்ஸ் போட்டாயிற்று. விசிறிச் சத்தம் மாவு மில் மாதிரி இருக்கிறது. கதவைச் சாத்தினால் பரவாயில்லை.

எதற்கு இதெல்லாம் என்றால், என் மனைவி ஆவுடையின் கம்ப்யூட்டர் போன மாதம் நின்றுவிட்டது. மதர்போர்டு போய்விட்டது, அந்தக் காலத்துச் சாமான் இப்போது கிடைக்காது. எங்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தபோதிருந்து அவள் பழகிய பெட்டி. மகள் வாங்கிக்கொடுத்த லேப்டாப்பைத் தொட மாட்டேன் என்கிறாள். "இது என்னது இல்ல" என்கிறாள், அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது. ஆகவே அந்தப் பழைய கம்ப்யூட்டரை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினாக இந்தச் சர்வருக்குள் உட்கார வைக்கலாம் என்று முகைதீன் சொன்னான். எனக்கு நானே விளக்கிக்கொண்டது இது: எங்கள் பள்ளியில் ஒரு நீளமான ஹால் உண்டு. நடுவில் தட்டி வைத்து மூன்று வகுப்புகள் நடக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பலகை, தனி வாத்தியார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பு இருப்பதே தெரியாத மாதிரி அது பாட்டுக்குப் பாடம் நடக்கும். ஹால்தான் சர்வர். தட்டிதான் கேவிஎம் என்கிற மென்பொருள். வகுப்புதான் விர்ச்சுவல் மெஷின். பள்ளியைவிட ஒரு விஷயத்தில் இது மேல்: தட்டியைத் தாண்டிச் சத்தம் வராது.

ஜூன் 5, வியாழன்

டிஸ்கை முழுக்கப் பிரதி எடுத்து ஒரே கோப்பாக்கினேன். மெஷினை ஓட்டியதும் நீலத் திரை. மறுபடி ஓட்டினேன், மறுபடி நீலம். சாயங்காலம் வரை அதே கதை.

முகைதீனுக்குப் போன் போட்டேன். "டிஸ்க் எந்த வகைன்னு கொடுத்திருக்கிய?"

"புது வகை. அதுதான் வேகம்னு போட்டிருந்தான்."

"வேகம் கிடக்கட்டும். அந்தப் பழைய விண்டோஸ் பொறந்தப்ப அந்த வகையே கெடையாது. அதுக்குத் தெரிஞ்ச ஐடிஇ வகைன்னு மாத்துங்க."

மாற்றினேன். வந்துவிட்டது. பச்சைப் புல்மேடு, நீல வானம், ஆவுடையின் கோப்புகள் எல்லாம் இருந்த இடத்தில். வீட்டுக்கு வந்த வயதானவரிடம் அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் பேச வேண்டும். நாம் கற்றுக்கொண்ட புது பாஷையில் அல்ல.

ஜூன் 7, சனி

முன்னறையில் அவளுடைய பழைய மேசை, பழைய மானிட்டர், பழைய கீபோர்டு. மானிட்டருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. பின்னறையில் ஓடும் மெஷினைத் திரை முழுக்கக் காட்டுவது அதன் வேலை. பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது.

ஆவுடை வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரிப்பேர் பாத்துட்டியளா?"

"பாத்தாச்சு."

"மணி தப்பு."

"என்னது?"

"காலைல ஆறுன்னு காட்டுது. பதினொன்னரை ஆச்சுல்லா."

அவள் நேரங்காலம் குழம்புவது உண்டு என்பதால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டப் போனேன். சுவர்க் கடிகாரம் பதினொன்றரை. திரையில் ஆறு. லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கொடுக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அமைப்பில் ஒரு சொல்லை மாற்றியதும் சரியாயிற்று.

குறிப்பு: மெஷினின் கடிகாரம் உள்ளூர் நேரத்துக்கு மாற்றப்பட்டது.

ஜூன் 9, திங்கள்

பள்ளிகள் திறந்து ஒரு வாரம் ஆகிறது. தெருமுனைப் பள்ளியின் மணி வீடு வரை கேட்கும். அது காதில் விழுந்ததிலிருந்து ஆவுடைக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று கால அட்டவணை போட உட்கார்ந்துவிட்டாள். வருஷா வருஷம் ஜூன் மாதம் அவள் செய்த வேலை அது. எந்த வாத்தியாருக்கு எந்த வகுப்பு, எந்தப் பீரியட் என்று மோதல் இல்லாமல் கட்டத்தை நிரப்புவது. பள்ளியில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். தொட்டவர்கள் எல்லாம் இரண்டாம் நாளே ஆவுடையிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர்கள்.

முதலில் போட்ட ஆசிரியர் பட்டியலில் பெயர்களைப் பார்த்தேன். எல்லாம் அவள் காலத்து ஆசிரியர்கள். மரியசெல்வம் டீச்சர் இறந்து நாலைந்து வருஷம் இருக்கும். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு அவர் பெயர்தான்.

அவளுக்குக் கொஞ்சம் மறதி. வயதானால் வருவதுதான்.

வேலைக்கு வரும் இசக்கியம்மாள் காலை எட்டிலிருந்து மதியம் வரை இருக்கிறாள். சமையல், துவையல், ஆவுடையைக் குளிக்க வைப்பது எல்லாம் அவள்தான். அடுப்பைத் திறந்து விட்டுவிட்டு ஆவுடை வாசலுக்குப் போன அந்த நாளுக்குப் பிறகு, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் இசக்கி வீட்டுக்குப் போகிறாள்.

ஜூன் 12, வியாழன்

ஒரு சிக்கல். ஆவுடை கை பட்டு ஐகான்கள் இடம் மாறிவிடுகின்றன. நேற்று திரையின் கீழே உள்ள பட்டை மேலே போய்விட்டது. அதற்குக் கண் கலங்கிவிட்டாள். சரிசெய்து கொடுத்தேன். இன்று காலை எழுத்தெல்லாம் பெரிதாகிக் கிடந்தது.

விர்ச்சுவல் மெஷினில் இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. ஸ்நாப்ஷாட் என்று பெயர். மெஷின் ஒரு நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவு செய்து வைத்துக்கொள்வது. பிறகு எப்போது வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் அந்த நொடிக்குத் திரும்பலாம்.

எங்கள் ஆய்வகத்தில் தர்மலிங்கம் என்ற உதவியாளர் இருந்தார். ஒரு பிரிவு முடிந்து அடுத்த பிரிவு வருவதற்குள் சோதனைக் குழாய்களைக் கழுவி, அமிலப் புட்டிகளை வரிசைப்படுத்தி, காலையில் இருந்தபடியே வைத்துவிடுவார். எந்தப் பையன் எதைக் கொட்டியிருந்தாலும் அடுத்தவனுக்கு அது தெரியாது. அந்த வேலையைத்தான் இன்று சர்வருக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டேன். தினமும் காலை ஐந்து மணிக்கு மெஷின் அந்த ஒழுங்குக்குத் தானாகத் திரும்பிவிடும். ஆவுடை எழுந்து வரும்போது எல்லாம் துலக்கி வைத்த மாதிரி இருக்கும்.

கால அட்டவணையில் ஆறாம் வகுப்பை முடித்திருக்கிறாள். நன்றாகவே செய்திருக்கிறாள்.

ஜூன் 14, சனி

அந்த ஐந்து மணி வேலைக்காக எழுதி வைத்த ஸ்கிரிப்ட் பிசகாமல் ஓடுகிறது. இரண்டு நாளாக ஐகான் பிரச்சினை இல்லை. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

ஜூன் 16, திங்கள்

காலையில் உட்கார்ந்ததும், "ஏழாப்ப முடிச்சு வச்சிருந்தேன். காணோம்" என்றாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையோ என்னமோ."

"முடிச்சேன். யாரோ அழிச்சிட்டாவ."

"யாரு அழிக்கப் போறா? நீயும் நானும்தான இருக்கோம்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பவும் ஏழாம் வகுப்பை ஆரம்பித்தாள்.

இந்த நோயில் செய்யாததைச் செய்ததாக நினைப்பதும் பிறர் மேல் சந்தேகம் வருவதும் உண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்களுக்கு அது வராது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 18, புதன்

மெஷினின் மெமரியை ஒரு ஜிபியிலிருந்து இரண்டாக்கினேன். நல்ல வேகம். ஆவுடை காலையில் அழுதாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று பழி இசக்கி மேல்.

இசக்கி வந்ததும் முதலில் முன்னறையைத் துடைப்பாள். கீபோர்டையும் ஒரு துணியால் தட்டுவாள். ஆவுடை அதைப் பார்த்துவிட்டாள்.

"இவதான்! இந்தத் துணிய வச்சுத்தான் தெனமும் அழிக்கா!"

"டீச்சர், நான் தூசியத்தான் தட்டுதேன்."

"தூசியா? ஒரு கிளாஸு முழுக்க தூசியா?"

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன், பொறுத்துக்கொள் என்று. அடுக்களைக்கு வந்ததும் அவள் சொன்னாள், "சார், என்னைய ஏசட்டும், கைய ஓங்கட்டும், அது சீக்கு. ஆனா களவாணின்னு மட்டும் சொல்லப்புடாது. எங்க தெருவுல இந்தப் பேச்சு போச்சுன்னா எனக்கு வேற வீடு கெடைக்காது."

"அவ மனசறிஞ்சு சொல்லல இசக்கி."

"அவுக கண்ணப் பாத்தா மனசறிஞ்சு சொல்லுத மாதிரிதான் இருக்கு சார்."

ஜூன் 21, சனி

டாக்டரிடம் போய்வந்தோம். சந்தேகம் அதிகமாவதைச் சொன்னேன். ஒரு மாத்திரை புதிதாக எழுதினார். தூக்கம் வரும் என்றார். "எதுவும் காணாமப் போகலன்னு வாதம் பண்ணாதீங்க. அவங்களுக்கு அது நிஜம்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஜூன் 23, திங்கள்

இசக்கி நின்றுவிட்டாள். வாசலில் நின்ற பூக்காரம்மாவிடம் ஆவுடை, "இவ எங்க வீட்டுல திருடுதா" என்று சொல்லிவிட்டாள். இசக்கி மாற்றுச் சேலையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சிலிண்டரை மூடிவிட்டுத்தான் போனாள்.

மதியம் சாதம் குழைந்துவிட்டது. ஆவுடை அதையே சாப்பிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

சென்னையிலிருந்து மகள் செண்பகா பேசினாள். கோயம்புத்தூரில் ஒரு ஹோம் பார்த்து வைத்திருக்கிறாள். மறதி நோய்க்காரர்களுக்கென்றே நடத்துவது. ஜூலை ஆறாம் தேதி வந்து அம்மாவைக் கூட்டிப்போகிறேன் என்றாள்.

"அப்பா, உங்களுக்கும் எழுபது தாண்டியாச்சு. குளிப்பாட்ட, சமைக்க, ராத்திரி முழிச்சிருக்க, ஒத்தையா எப்படிப்பா? வர்ற ஆளையெல்லாம் திருடின்னு சொன்னா எந்த ஆளு நிப்பா?"

"இன்னொரு ஆளு பாக்கேன்."

"இசக்கியக்காவே நிக்கலையேப்பா."

சரி என்றேன்.

ஜூன் 25, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. சர்வர் நன்றாக ஓடுகிறது.

ஜூன் 27, வெள்ளி

சாரல் பலமாகிவிட்டது. விடிவதற்கு முன்னால் எங்கோ லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. எட்டு மணிக்குத்தான் வந்தது. சர்வர் தானாகவே எழுந்து, ஆவுடையின் மெஷினையும் எழுப்பிவிட்டது. முன்பே அப்படி அமைத்து வைத்தது நல்லதாயிற்று.

இன்று அதிசயமாக ஒரு நல்ல நாள். ஆவுடை உட்கார்ந்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள், நேராக வேலையில் இறங்கிவிட்டாள். புகார் இல்லை. அழுகை இல்லை. மதியம் என்னிடம், "ரசத்துக்குப் புளி காணாது" என்றாள். உண்மையிலேயே காணாதுதான்.

மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறது. செண்பகாவிடம் சொன்னேன். "நல்லதுப்பா. அங்க போறப்ப அமைதியா இருப்பாங்க" என்றாள்.

ஜூன் 28, சனி

மாத்திரை வேலை செய்யவில்லை. இன்று மிகவும் மோசம்.

"எட்டாப்பையும் சேத்து அழிச்சாச்சு! ஏழாப்பு நேத்துக் காலைல இருந்துச்சு, கண்ணால பாத்தேன். அதுக்கு மேலதான எட்டாப்பு போட்டேன். இப்ப ரெண்டும் இல்ல!"

கீபோர்டைத் தள்ளிவிட்டாள். வீட்டில் இசக்கியும் இல்லை. ஆகவே என் மேல் திரும்பினாள். "நீங்களா?"

"நான் ஏன் ஆவுடை அழிக்கப் போறேன்?" என்று கத்திவிட்டேன். வாதம் பண்ண வேண்டாம் என்று டாக்டர் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 30, திங்கள்

அவள் ஊரைவிட்டுப் போக இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு நாற்காலியைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் பின்னறையில் உட்கார்ந்து மெமரி எவ்வளவு, பிராசசர் எவ்வளவு என்று மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் திரையில் என்ன செய்கிறாள் என்று பார்க்கவில்லை.

அவள் ஏழாம் வகுப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். தானாகவே பேசிக்கொண்டு செய்கிறாள்.

"தமிழய்யாவுக்கு மொதப் பீரியட் கெடையாது. செங்கோட்டை ரயிலு லேட்டாத்தான் வரும். கணக்கு, சாப்பாட்டுக்குப் பொறவு வேண்டாம், பிள்ளைய தூங்கும். இந்தப் புஷ்பவல்லிக்கு கைப்பிள்ளை. கடைசி பீரியட் ஃப்ரீயா விட்டா நாலு மணிக்கே வீட்டுக்குப் போயி பாலு கொடுப்பா. கேக்க மாட்டா, நாமதான் பாத்து விடணும்."

"எனக்கு என்ன போட்டிருக்க?"

"ஒங்களுக்கா? லேபு. ரெண்டு பீரியட் சேந்தாப்புல. நடுவுல மணி அடிச்சா ஒங்களுக்குக் கோவம் வருமே."

ஒரு மோதல்கூட இல்லாமல் கட்டம் நிரம்பியது. நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஆறு மணிக்குச் சேமித்துவிட்டு எழுந்தாள். சேமிக்க மறக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஐந்தேகாலுக்கு எழுந்து முன்னறைக்குப் போய்த் திரையைப் போட்டேன். அந்த ஏழாம் வகுப்பை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றுதான்.

ஆறாம் வகுப்பு இருந்தது. ஏழாம் வகுப்பு வெறும் கட்டம்.

தப்பான கோப்பைத் திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடித் திறந்தேன். பெயரைப் பார்த்தேன். தேதியைப் பார்த்தேன். ஜூன் பன்னிரண்டு. நான் ஸ்நாப்ஷாட் எடுத்த நாள்.

பின்னறைக்குப் போய் ஐந்து மணி ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன்.

மெஷின் அந்த நொடிக்குத் திரும்பும் என்றால் முழுவதுமாகத் திரும்பும். ஐகான் மட்டுமா திரும்பும்? பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அவள் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் காலை ஐந்து மணிக்குப் போயிருக்கிறது. மரம் விழுந்த அன்று மட்டும் ஐந்து மணிக்குச் சர்வரே ஓடவில்லை. அதனால் முந்தின நாள் வேலை பிழைத்துக்கொண்டது. அதுதான் அந்த நல்ல நாள். மாத்திரை அல்ல. மறுநாள் இரண்டையும் சேர்த்துத் துடைத்தாயிற்று.

தர்மலிங்கத்தை உதாரணம் சொன்னேன். அவர் ஒருமுறைகூடச் செய்யாத வேலை இது. மயில்துத்தப் படிகம் வளர்வதற்காக யாராவது ஒரு பீக்கரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தால், வாரக் கணக்கில் அதைத் தொட மாட்டார். கழுவுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். நான் பார்க்கவில்லை.

ஸ்கிரிப்ட் இருந்த வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டேன். இனிமேல் லினக்ஸ் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும்.

முகைதீனை எழுப்பிக் கேட்டேன், அழிந்ததை மீட்க முடியுமா என்று. "முடியாது அண்ணாச்சி. பழைய நிலைக்குத் திரும்பினா அதுக்குப் பொறவு உள்ளது போனதுதான். ஸ்நாப்ஷாட் வேற, பேக்கப் வேறன்னு எல்லாரும் ஒரு தடவ அடி வாங்கித்தான் படிப்பாவ." கொஞ்சம் நிறுத்தி, "யாரு வேல போச்சு?" என்றான். சொன்னேன்.

ஏழாம் வகுப்பை இத்தனை காலையும் அவள் புதிதாகப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அதே மாதிரியா, வேறு வேறு மாதிரியா, தெரியாது. நான் பார்த்தது ஒன்றைத்தான்.

எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். "அழிச்சாச்சு" என்றாள், என்னைப் பார்க்காமலே.

"ஆமா ஆவுடை. அழிஞ்சிருக்கு. நான்தான் அழிச்சேன்."

திரும்பினாள்.

"தெரியாமச் செஞ்சிட்டேன். திரை சுத்தமா இருக்கட்டும்னு ஒரு ஏற்பாடு பண்ணி வச்சேன். அது ஒன் வேலையும் சேத்துத் துடைச்சிருக்கு. நீ சொன்னது அத்தனையும் சரி. இசக்கி தொடல."

"நான் சொன்னேன்லா?"

"சொன்ன."

"எத்தன நாளு சொன்னேன்?"

"தெனமும் சொன்ன."

"பைத்தியக்காரின்னு நெனச்சிய." கேள்வியாகக் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஏழாம் வகுப்பை ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 2, புதன்

இசக்கி வீட்டுக்குப் போனேன். திண்பண்டம் ஏதும் வாங்கிப் போகவில்லை. லஞ்சம் மாதிரி இருக்கும். நடந்ததைச் சொன்னேன். ஸ்நாப்ஷாட் என்றால் என்ன என்று ஆய்வக உதாரணத்தை ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டாள்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம் சார். அழிச்சது ஆரு?"

"நான்."

"பேரு வாங்கினது ஆரு?"

"நீ."

"பூக்காரம்மாகிட்ட ஆரு சொல்லப் போறா?"

"வர்ற வழில சொல்லிட்டுத்தான் வாரேன்."

அதற்குச் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "வாரேன். ஆனா டீச்சர் மறந்துருவாக. நாளைக்கும் நாந்தான்னு சொல்லுவாக. அப்பம் நீங்க எங்க இருப்பிய?"

"பக்கத்துல இருப்பேன். நீ வந்ததும், உன் முன்னால வச்சு, நான்தான் அழிச்சேன்னு சொல்லுவேன்."

"எத்தன நாளைக்கு?"

"அவ கேக்குற வரைக்கும்."

ஜூலை 4, வெள்ளி

இசக்கி சொன்னபடியேதான் ஆயிற்று. ஏழாம் வகுப்பு திரையில் அப்படியே இருக்கிறது. ஆனால் யாரோ அழித்தார்கள் என்பது மட்டும் ஆவுடையின் மனதில் தங்கிவிட்டது. இசக்கியைக் கண்டதும், "இவள உள்ள விடாதிய, அழிச்சிருவா" என்றாள்.

நான் முன்னால் போய் நின்று சொன்னேன். முதல் முறை கேட்பது போலக் கேட்டாள். முதல் முறை போலத் திட்டினாள். "ஒரு ஹெச்செம்மோட ஃபைலத் தொட ஒங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?" இசக்கி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

திரையின் கீழ்ப்பட்டை இன்று மறுபடி மேலே போய்விட்டது. கொஞ்ச நேரம் முகம் சுண்டிப்போனாள். பிறகு அப்படியே வேலை செய்தாள். நான் தொடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

செண்பகா காலையில் வந்தாள். கார் வாசலில் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். வங்கியில் பெரிய பொறுப்பில் இருப்பவள், அவசரப்பட மாட்டாள்.

"அப்பா, இந்த ஒரு விஷயத்துல அம்மா சொன்னது சரி. ஒத்துக்கறேன். அடுப்பத் திறந்து விட்டது? ராத்திரி கதவத் திறந்துட்டுப் போனது?"

"அதுவும் நடந்ததுதான்."

"அப்போ?"

"அப்போன்னா ஒண்ணுமில்ல. அவ சரியாயிட்டான்னு நான் சொல்லல. திருடின்னு பேசுறா, ஆளு நிக்கல, அதனாலதான் அனுப்பறோம்னு முடிவு பண்ணினோம். அதுக்குக் காரணம் அவ இல்ல, நான். என் தப்புக்கு அவள வீட்டவிட்டு அனுப்ப முடியாது. இசக்கி வந்துட்டா. முடியாமப் போற அன்னைக்கு நானே சொல்லுதேன்."

செண்பகா முன்னறைக்குப் போனாள். ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. ஜாயின் பண்ண வந்திருக்கியளா?"

செண்பகா என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க டீச்சர்" என்றாள்.

"என்ன சப்ஜெக்ட்?"

"கணக்கு."

"நல்லதாப் போச்சு, ஒம்பதாப்புக்கு ஆளில்லாமக் கெடக்கு. உக்காருங்க. எங்கேருந்து வாரிய?"

"சென்னைலேருந்து."

"அவ்வளவு தூரத்துலேருந்தா? வீட்ல சின்னப் பிள்ளைய இருக்கா?"

"ஒரு பையன். நாலாவது படிக்கிறான்."

ஆவுடை திரையைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு கட்டங்களை அழித்து இடம் மாற்றினாள். "வெள்ளிக்கெழம கடைசி ரெண்டு பீரியடும் ஒங்களுக்கு ஃப்ரீ. சாயங்கால வண்டியப் பிடிச்சியன்னா விடியக்காலைல பிள்ளையப் பாக்கலாம். யார்கிட்டயும் சொல்லாதிய, எல்லாரும் கேப்பாவ."

செண்பகா அந்த நாற்காலியில் மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். பீரியட் மோதுகிற இடங்களை ஆவுடை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கார் ஆவுடை இல்லாமல் திரும்பியது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹோம்காரங்ககிட்ட மூணு மாசம் கழிச்சுப் பேசறேன்னு சொல்லியிருக்கேன். மூணு மாசம்தான்பா" என்றாள்.

சரி என்றேன். இந்த முறை மனதோடு.

ஜூலை 9, புதன்

மெஷினின் முழுப் பிரதி ஒன்றை வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்கில் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தேன். இது பேக்கப். பக்கத்தில் இருக்கும், ஆவுடையின் திரையைத் தொடாது. முகைதீன் பரிசோதித்து, "இப்பத்தான் அண்ணாச்சி அட்மின் ஆயிட்டிய" என்றான்.

காலையில் வழக்கம்போல ஒப்புக்கொண்டேன். வழக்கம்போலத் திட்டு. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னதும் புது மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

திரையில் ஐகான்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று உற்றுப் பார்த்தால் இடது பக்கம் முழுக்க ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளின் கோப்புகள், வலது பக்கம் ஒன்பதும் பத்தும். கை பட்டு நகர்ந்தவை சில இருக்கலாம். எல்லாமே அப்படி இல்லை.

ஜூலை 17, வியாழன்

நேற்று பத்தாம் வகுப்பையும் முடித்துவிட்டாள். முடித்த கையோடு, மரியசெல்வம் டீச்சர் இன்று வந்தாரா, கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டாள். வருவார் என்றேன். சாப்பிட்டதை மறந்துவிட்டு இரண்டாம் முறை சாப்பிட உட்கார்ந்தாள். இசக்கி பேச்சுக்கொடுத்து எழுப்பிவிட்டாள்.

இன்று காலை இசக்கி வந்து துடைக்கும் துணியை எடுத்தாள். ஆவுடை கீபோர்டின் மேல் கையை வைத்து மறைத்தாள். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஆவுடை, இசக்கி இல்ல. அழிச்சது..."

"நீங்கதான்" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அதான் நேத்தே சொன்னியள்லா. எத்தன தடவ சொல்லுவிய? தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்காதிய."

பிறகு கீபோர்டைத் தூக்கி இசக்கியிடம் நீட்டினாள். "அடிப்பக்கமும் தொடை. ஒரே தூசி."

இசக்கி வாங்கிக்கொண்டாள். ஆனால் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வெளிச்சத்தை விட்டுத் தள்ளி நின்றேன்.